காலி வண்டி

உட்காருங்க தம்பி. அந்த டயர் மேல உட்காருங்க, அதுலதான் கிரீஸ் இல்ல. தாவூத் பாய் இப்ப என் வண்டிக்கு அடியில படுத்திருக்காரு. அதை முடிச்சிட்டுத்தான் உங்க வண்டியைத் தொடுவாரு. அவசரப்படுத்தினீங்கன்னா எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருவாரு, அப்புறம் நம்ம ரெண்டு பேருக்கும் மதியமாயிரும்.

உங்களுக்கு என்ன வேலை? பட்டை கூட்டணுமா? பின் அச்சு மேல அடுக்கா இருக்குற ஸ்பிரிங் பட்டையோட, பக்கத்துக்கு இன்னும் ரெண்டு. ம்ம். என்ன இழுக்கப் போறீங்க? ஜெனரேட்டரா. கல்யாண வீட்டுக்கு. சரி சரி. கொக்கியில மாட்டினா வண்டி பின்னாடி அமுங்குது, முன்னாடி தூக்குது, ஸ்டியரிங் பஞ்சாட்டம் போகுது, ஹெட்லைட்டு ரோட்டைப் பாக்காம மரத்தைப் பாக்குது. அதானே? எனக்குத் தெரியும். போன வைகாசியில இதே டயர் மேல உட்காந்து இதே கதையைத்தான் நானும் பாய்கிட்ட சொன்னேன்.

நானா? நான் கழட்ட வந்திருக்கேன். ஆமா, போட்டதைக் கழட்டத்தான். வைகாசியில போட்டதைப் புரட்டாசியில கழட்டுறவனைப் பாத்தா சிரிப்பாத்தான் இருக்கும். சிரிச்சுக்கங்க.

என் பேரு சவரிமுத்து. நத்தம் ரோட்டுல மிஷின் சவரின்னு கேட்டா டீக்கடையில கூடச் சொல்லுவாங்க. காங்கிரீட் போடுற செட்டுக்கு என் வண்டி ஓடுது. கலவை மிஷினும் என்னுதுதான். வீட்டுக்குத் தளம் போடுற அன்னைக்குக் காலையில மிஷினைக் கொக்கியில மாட்டி, சித்தாளுங்களைப் பின்னாடி ஏத்தி, கொண்டு போயி இறக்கணும். சாயங்காலம் திரும்பக் கொண்டாந்து விடணும். பதினேழு வருசமா இதான் பொழப்பு.

பாய் கைராசிக்காரரு. அவரைக் குத்தம் சொல்லிப்புட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அவரு அன்னைக்கு ஒழுங்காத்தான் கேட்டாரு. மிஷின் என்ன கனம்னு கேட்டாரு, சொன்னேன். வண்டி காலியா ஓடுமான்னு கேட்டாரு. காலிங்கிற பேச்சே கிடையாது பாய், எப்பவும் லோடுதான்னேன். அப்புறம் கேட்டாரு, "ஆளு ஏத்துவியா சவரி?"

இல்லைன்னேன்.

ஏன் இல்லைன்னேன்? எனக்கு முன்னாடி ஒருத்தர் மாடு ஏத்துற வண்டியைக் கொண்டாந்திருந்தாரு, அவருகிட்ட பாய் சொன்னதை நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். "ஆளு உட்கார்ற வண்டிக்கு ரெண்டு பட்டை போடாத. பத்துப் பேரு உட்காந்தாலும் இந்தப் பட்டைக்கு அது ஒரு பாரமே இல்ல. காலி வண்டி கணக்காத்தான் குதிக்கும்." அப்படின்னாரு. ஆளு ஏத்துறேன்னு சொன்னா எனக்கும் ஒண்ணுதான் போடுவாரு. கொக்கியை இறக்கி வச்சு, மிஷினோட அச்சை முன்னாடி தள்ளி வெல்டு பண்ணுன்னுவாரு. அதுக்கு மூணு நாள் ஆகும். வைகாசி மாசம், தம்பி. தினம் ஒரு தளம். மூணு நாளு மிஷினை நிறுத்தினா எனக்கு வேலை கொடுக்குற பரமன் மேஸ்திரி வேற மிஷினைக் கூட்டிக்கிட்டுப் போயிருவாரு. அதான் வாய் கூசாமச் சொன்னேன். இல்ல பாய், மிஷின் மட்டும்தான்.

ரெண்டு ரெண்டு பட்டை போட்டாரு. நாலு ஷாக்கையும் கனமானதா மாத்திவிட்டாரு. அன்னைக்கே மிஷினை மாட்டிக்கிட்டு இங்கிருந்து கோபால்பட்டி வரைக்கும் ஓட்டினேன். டேஷ்போர்டு மேல ஒரு கிளாஸ் டீயை வச்சுக்கிட்டு ஓட்டினேன், தம்பி. ஒரு சொட்டு சிந்தல. பின்னாடி மிஷின் வர்றதே தெரியல. முன்னெல்லாம் வளைவுல அது வாலாட்டும், வண்டியையும் சேர்த்து ஆட்டும். இப்ப கட்டிப் போட்ட கன்னுக்குட்டி மாதிரி பின்னாலயே வந்துச்சு. எனக்குன்னா பெருமை தாங்கல. அந்த டீ கதையை ஒரு நூறு பேருகிட்டயாவது சொல்லியிருப்பேன். டிரைவர் சீட்டுக்குப் பாசி கோத்த விரிப்பு ஒண்ணு வாங்கிப் போட்டேன். பாட்டுப் பொட்டி பெருசா ஒண்ணு மாட்டினேன். பின்னாடி இருக்குறவளுகளுக்கும் கேக்கட்டும்னுதான் மாட்டினேன், எனக்காக இல்ல. வெயில் படாம தார்ப்பாயும் கட்டிக் கொடுத்தேன். அதெல்லாம் நான் பாத்துப் பாத்துத்தான் செஞ்சேன்.

தினம் மிஷின் பின்னாடி இருக்காது பாருங்க. பெரிய தளம்னா ரெண்டு நாளாகும், மிஷினை அங்கயே விட்டுட்டு ஆளுங்களை மட்டும் ஏத்திக்கிட்டு வரணும், போகணும். முதல் தடவை அப்படி வந்தன்னைக்கே இறங்கும்போது கத்துனாளுக. குடலு வாய்க்கு வந்துருச்சுண்ணே, இது வண்டியா உரலா அப்படின்னாளுக. நான் சொன்னேன், புதுப் பட்டை, பத்து நாள்ல படிஞ்சிரும்னு.

பட்டை படியல. அவளுகதான் படிஞ்சுக்கிட்டாளுக. சாக்கை நாலா மடிச்சுக் கொண்டாந்து போட்டு உட்காந்தாளுக. ஸ்பீடு பிரேக்கர் வந்தா எல்லாரும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் குத்த வச்சுக்குவாளுக. எங்கெங்க பள்ளம் இருக்குன்னு என்னைவிட அவளுகளுக்கு நல்லாத் தெரியும்.

தைலம்மையைச் சொல்லணும். நாப்பத்தாறு, நாப்பத்தேழு வயசு இருக்கும். செட்டுல அவதான் மூத்தவ. புருசன் இல்ல, ஒரே மக, அதைத் திருப்பூர்ல கட்டிக் கொடுத்திருக்கா. தலையில ஒரு சட்டி கலவை, இடுப்புல ஒரு கை, சாரத்துல ஏறுனான்னா கொத்தனாருங்களே வழி விடுவாங்க. காலையில மத்த எல்லாரையும் ஏத்திவிட்டுட்டுக் கடைசியாத்தான் ஏறுவா. அதனால கடைசிக் கதவோரம்தான் அவளுக்கு இடம். அச்சுக்குப் பின்னாடி. வண்டி குதிச்சா அந்த இடம்தான் அதிகமாத் தூக்கும். எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வாயும் அப்படித்தான். மேஸ்திரி காலையில எனக்குப் போன் போடுவாரு, "சவரி, லோடா, காலியா?" அப்படிம்பாரு. வேற ஒண்ணுமில்ல, மிஷினோ சிமெண்டோ இருக்கா, இல்லையான்னு கேக்குறாரு. "காலிதான் மேஸ்திரி, வந்துக்கிட்டு இருக்கேன்"னுவேன். நம்ம தொழில்ல எல்லாரும் பேசுற பேச்சுத்தானே. நீங்க பேச மாட்டீங்களா? முதுகுக்குப் பின்னாடி கண்ணாடி திறந்திருக்கும், அவளுகளுக்குக் கேக்கும். ஒரு நாள் தைலம்மை தலையை உள்ள நீட்டிக் கேட்டா, "ஏண்ணே, பன்னெண்டு பேரு குத்துக்கல்லாட்டம் உட்காந்திருக்கோம், காலிங்கிறீங்களே?" எல்லாரும் சிரிச்சாளுக. நானும் சிரிச்சேன். அதுலருந்து என் வண்டி வந்து நின்னா, "காலி வந்திருச்சு, ஏறுங்கடி"ன்னுதான் கூப்பிடுவா. சாயங்காலம் இறங்கும்போது, "காலியெல்லாம் இறங்கியாச்சுண்ணே, நீங்க கிளம்புங்க"ம்பா. நல்லாத்தான் இருந்துச்சு, தம்பி. சிரிப்பும் கும்மாளமுமாத்தான் இருந்தோம்.

ஆவணியில சின்னாளப்பட்டிப் பக்கம் ஒரு வீடு. பாதித் தளம் முதல் நாளே போட்டாச்சு, மிஷின் அங்கயே நிக்குது. மறுநாள் காலையில ஏழு மணி இருக்கும். பாட்டு ஓடுது. மேஸ்திரி போன் போட்டாரு. "ஜல்லி வந்திருச்சு, தண்ணி பிடிச்சாச்சு, கொத்தனாருங்க சும்மா நிக்கிறானுக, எங்கய்யா இருக்க? லோடா, காலியா?" நான் சொன்னேன், "காலிதான் மேஸ்திரி, பத்து நிமிசத்துல பறந்து வந்துடறேன்."

பறந்துதான் போனேன்.

ஒரு பள்ளிக்கூடம் முன்னாடி புதுசா ஸ்பீடு பிரேக்கர் போட்டிருந்தாங்க. வெள்ளைக் கோடு இன்னும் அடிக்கல. அறுபதுல ஏத்திட்டேன். முன்னாடி எனக்கு ஒரு குலுக்கு, அவ்வளவுதான். பின்னாடி மொத்தமும் மேல போயி விழுந்துச்சு. ஒரு சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேபின் மேல தட்டினாங்க. ரெண்டு தட்டு. ரெண்டு தட்டுன்னா நிறுத்துன்னு அர்த்தம். எங்க வண்டியில அதான் பழக்கம்.

நான் நிறுத்தல.

பாட்டுச் சத்தத்துல கேக்கலைன்னு எல்லாருகிட்டயும் சொல்லியிருக்கேன். மேஸ்திரிகிட்ட, என் சம்சாரத்துகிட்ட, கோயில்ல சாமியாருகிட்ட பாவத்தை ஒப்புக்குற பாவசங்கீர்த்தனத்துல கூட அப்படித்தான் சொன்னேன். உங்களை எனக்கு யாருன்னே தெரியாது, அதனால சொல்றேன். கேட்டுச்சு, தம்பி. நல்லாக் கேட்டுச்சு. தினம் குதிக்கும்போது தட்டுறதுதானே, போயி இறக்கிவிட்டுட்டுத் திட்டு வாங்கிக்கலாம்னு நினைச்சேன். அப்புறமும் ரெண்டு தடவை தட்டினாங்க.

அங்க போயி நின்னதும் எல்லாரும் குதிச்சாளுக, தைலம்மை குதிக்கல. நாகுன்னு ஒருத்தி, அவளும் இன்னொருத்தியும் சேர்ந்து தூக்கி இறக்கினாளுக. மணல் குமியல் மேல உட்கார வச்சாளுக. மூஞ்சியெல்லாம் வேர்த்திருந்துச்சு. "முதுகு பிடிச்சுக்கிச்சுண்ணே"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேருலயே தைலம் இருக்கு, கொஞ்சம் தேய்ச்சுக்கிட்டா சரியாப் போகும்"னேன். அவ சிரிக்க முயற்சி பண்ணினா.

எந்திரிச்சு ஒரு சட்டி தூக்கினா. ரெண்டாவது சட்டிக்குக் குனிஞ்சவ அப்படியே உட்காந்துட்டா. கீழ்த்தளத்துல சிமெண்டுச் சாக்கை விரிச்சுப் படுக்க வச்சாங்க. காங்கிரீட்டை ஆரம்பிச்சா அன்னைக்கு எடுத்த பாகம் முடியாம நடுவுல நிறுத்த முடியாது, தம்பி. நிறுத்தினா ஒட்டுல தண்ணி இறங்கும். மிஷினை நான்தான் ஓட்டணும். மேஸ்திரி சொன்னாரு, முடிச்சிட்டுப் பாத்துக்கலாம், பிடிப்புத்தானே. நானும் சரின்னேன். ஒண்ணரை மணிக்குத்தான் முடிஞ்சுது. அதுவரைக்கும் அவ மேல பாத்தபடி படுத்திருந்தா, அவ தலைக்கு மேல நாங்க தளம் போட்டுக்கிட்டு இருந்தோம். வாசல்ல என் வண்டி காலியாத்தான் நின்னுச்சு.

பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியில என்னை நானே என்ன கேட்டுக்கிட்டேன்னு நினைக்கிறீங்க? பிழைப்பாளா, நடப்பாளான்னா? இல்ல. சரக்கு வண்டியில ஆளு ஏத்தினது தெரிஞ்சா லைசென்ஸ் போயிருமேன்னுதான் நினைச்சேன். இறக்குறதுக்கு முன்னாடி நாகுகிட்ட சொல்லிக் கொடுத்தேன். வீட்டுல பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லுன்னேன். நாகு என்னை ஒரு பார்வை பாத்தா. அப்புறம்தான் எனக்கு உறைச்சுது, தைலம்மை வீட்டுல பாத்ரூமே கிடையாது.

அங்க ஒரு போலீஸ்காரர் நோட்டை வச்சுக்கிட்டு எழுதிக்கிட்டு இருந்தாரு. நல்ல மனுசன்தான். என் சட்டையில சிமெண்டைப் பாத்துட்டுக் கேட்டாரு, "வேலைக்கு வர்ற வழியில அடிபட்டுச்சா? உன் வண்டியிலயா வந்தாங்க?"

"இல்ல சார். என் வண்டி காலியாத்தான் வந்துச்சு"ன்னேன்.

அவ தள்ளுவண்டியில படுத்திருக்கா. எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு முழம் கூட இல்ல. போலீஸ்காரரு அவ பக்கம் குனிஞ்சு, "ஏம்மா, அப்படியா?"ன்னு கேட்டாரு. அவ என்னைப் பாக்கல. மேல ஓடுற ஃபேனைப் பாத்தா. "ஆமா சார். அண்ணன் வண்டி காலியாத்தான் வந்துச்சு. நான் வீட்டுல விழுந்தேன்"னா.

நான் பெருமூச்சு விட்டேன், தம்பி. அதை நினைச்சாத்தான் உடம்பு கூசுது. தப்பிச்சோம்னு நெஞ்சு குளுந்து போச்சு எனக்கு. அவ வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு எனக்காகப் பொய் சொல்றா, நான் குளுகுளுன்னு நிக்கிறேன்.

முதுகெலும்புல ஒண்ணு நசுங்கிப் போச்சாம். கீழ விழுந்து இல்ல, மேல தூக்கி உட்கார்ந்த வாக்குல அடிச்சா இப்படி ஆகும்னு டாக்டரு படத்தைக் காட்டிச் சொன்னாரு. வீட்டுல விழுந்தவங்களுக்கு இப்படி ஆகுறது கம்மின்னும் சொன்னாரு. சொல்லிட்டு என்னைப் பாத்தாரு. நான் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். மூணு மாசம் படுக்கை. அப்புறம் எந்திரிச்சு நடக்கலாம். ஆனா தலையிலயோ இடுப்புலயோ இனி எதையும் தூக்கக் கூடாதாம். குடம் கூட ஆகாதாம். சட்டி தூக்குறவளுக்குச் சட்டி இல்லைன்னா என்ன இருக்கு? வேலைக்கு வந்த வழியில அடிபட்டதுன்னு எழுதியிருந்தா அவளுக்கு ஏதோ உதவி கிடைச்சிருக்குமாம், நாகு விசாரிச்சுட்டு வந்து சொன்னா. வீட்டுல விழுந்தா கிடையாதாம்.

போயி மாத்தி எழுதச் சொல்லுங்கன்னு நீங்க நினைக்கிறீங்க. மூஞ்சியிலயே தெரியுது. நானும்தான் நினைக்கிறேன். நேத்து நினைச்சேன். முந்தாநாளும் நினைச்சேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயி, ஆரஞ்சுப் பழத்தை நாகு கையில கொடுத்துட்டுத் திரும்பி வந்துட்டேன். மூணு வாரமா வாசல் வரைக்கும்தான் போறேன். உள்ள போயி அவ மூஞ்சியில முழிக்க எனக்கு தைரியம் இல்ல.

நேத்து நாகு போன் போட்டா. தைலம்மையை இன்னைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்களாம். உட்காரக் கூடாது, படுத்த வாக்குலதான் கொண்டு போகணும். அவ ஊருக்குப் போற வழியில பாலம் வேலை நடக்குது, மண்ணு ரோடு, ஆம்புலன்ஸ்காரங்க யோசிக்கிறாங்க. சவரி அண்ணன் வண்டியை வரச் சொல்லுன்னு தைலம்மையே சொன்னாளாம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பாருங்க, இத்தனைக்கும் பொறவு என்னைத்தான் கூப்பிடுறா, மன்னிச்சுட்டா, அப்படின்னு சம்சாரத்துகிட்ட சொன்னேன். மெத்தை ஒண்ணு எடுத்துப் போட்டுக்கறேன்னு நாகுகிட்டயும் சொன்னேன்.

அதுக்கு நாகு சொன்னா, "மெத்தையெல்லாம் வேணாமாம்ணே. மிஷினை மாட்டிக்கிட்டு வரச் சொன்னா. மிஷின் பின்னாடி இருந்தாத்தான் அண்ணன் பாத்து ஓட்டுவாருன்னு சொன்னா."

கிண்டலுக்குச் சொல்லல, தம்பி. கிண்டலா இருந்தா நான் தாங்கிக்குவேன். நிசமாவே அவளுக்கு அதுதான் வழியாத் தெரிஞ்சிருக்கு. நாலு மாசமாப் பின்னாடி உட்காந்து பாத்திருக்கா. மிஷின் இருந்தா நான் பள்ளத்துக்கு நின்னு இறக்குவேன், ஸ்பீடு பிரேக்கர்ல ஊர்ந்து ஏத்துவேன், கொக்கிக்கு வலிக்கக் கூடாதுன்னு ஓட்டுவேன். மிஷின் இல்லாதப்ப எப்படி ஓட்டுவேன்னும் அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியல.

ராத்திரி பூரா தூக்கம் வரல. காலையில முதல் ஆளா பாய் வீட்டுக் கதவைத் தட்டினேன். பாய் ஒண்ணும் கேக்கல. "ஆளு ஏறுமா?"ன்னு மட்டும் கேட்டாரு. ஏறும் பாய், வைகாசியிலயும் ஏறுச்சுன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, ஜாக்கியை எடுத்துக்கிட்டு அடியில போயிட்டாரு.

உங்க ஜெனரேட்டரோட லைட்டு கட்டுற ஆளுங்க எதுல வருவாங்க? பின்னாடியா? எத்தனை பேரு? பாய் எந்திரிச்சு வந்ததும் அதை முதல்ல சொல்லிருங்க. கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க.

அந்தா, ஜாக்கியை இறக்குறாரு. முடிஞ்சுது. தம்பி, உங்ககிட்ட ஒரு உதவி. முக்குல ரெண்டு ஸ்பீடு பிரேக்கர் இருக்கு, அதைத் தாண்டினா ரோடு வெட்டிப் போட்டிருக்கான். ஒரு ரவுண்டு என் வண்டியை ஓட்டுங்க. நான் பின்னாடி கடைசிக் கதவோரம் படுத்துக்கறேன். பதினேழு வருசத்துல ஒரு தடவை கூட நான் பின்னாடி ஏறுனதில்ல. அவ உட்கார்ற இடத்துல படுத்துப் பாத்துட்டுத்தான் அவளைக் கூப்பிடப் போகணும். போனவாக்குல அந்தப் போலீஸ்காரர் நோட்டுல எழுதினதையும் மாத்தச் சொல்லணும். இந்தத் தடவை வாசலோட திரும்ப முடியாது, அவளைத் தூக்க உள்ள போயித்தானே ஆகணும்.

சாவி வண்டியிலயே இருக்கு. மெதுவா ஓட்டுங்க, நான் ரெண்டு தட்டு தட்டினா நிறுத்திருங்க. என் போன் டேஷ்போர்டுல கிடக்கும். மேஸ்திரி கூப்பிட்டாலும் கூப்பிடுவாரு, லோடா, காலியான்னு கேப்பாரு.

ஆளு இருக்குன்னு சொல்லுங்க.